கால் வெட்டிய சீன அலமாரியும் என் 850 வெள்ளியும்

"ஷான்சி கல்யாண அலமாரி. நூறு வருஷத்துக்கு மேல் பழசு. கோரமண்டல் வேலைப்பாடு." விற்றவர் சொன்னது இவ்வளவுதான். ஷான்சி என்பது சீனாவில் ஒரு மாகாணம். சிங்கப்பூரின் தெம்பனிஸில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். சிவப்பு மேனி, கறுத்த ஓரங்கள், நடுவில் தோசைக்கல் அளவுக்கு வட்டப் பித்தளைத் தகடு, கதவில் பொன் நிறத்தில் விளையாடும் சிறுவர்கள். பேரமே பேசாமல் 850 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) எடுத்துக் கொடுத்தேன், லாரிக்கு 90 தனி. எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இறக்கி வைத்ததும் மனைவி கேட்டாள்: "ஏங்க, இது ஏன் தரையில் குந்தியிருக்கு?"

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

முதலில் உதிர்ந்தது 'கோரமண்டல்'. அது நம் சோழமண்டலக் கரைதான், ஆனால் பொருள் அங்கே செய்ததில்லை. 17ஆம் நூற்றாண்டில் சீனாவில் செய்த மடிப்புத் திரைகள் இந்தக் கரைத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் ஒட்டிக்கொண்ட பெயர். அந்த வேலையில் கனமான பூச்சைக் குடைந்து எடுத்து, பள்ளத்தில் வண்ணம் நிரப்புவார்கள். விரலை ஓட்டினால் மேடு பள்ளம் தெரியவேண்டும். என் கதவு சப்பென்று இருந்தது. வெறும் தூரிகை வேலை.

அடுத்து, பூச்சு அசல்தானா? நாம் அரக்கு என்பது பூச்சி தருவது. சீனர்களுடையது ஒரு மரத்தின் பால். சேராங்கொட்டை, மா, முந்திரி எல்லாம் இருக்கும் குடும்பத்து மரம். சேராங்கொட்டை பட்ட தோல் கொப்பளிப்பதுபோல் அந்தப் பச்சைப் பாலும் கொப்பளிக்க வைக்கும். வெயிலில் காய்வதில்லை, ஈரக்காற்றில்தான் இறுகும். இறுகிவிட்டால் நெயில் பாலிஷ் ரிமூவருக்கும் சுலபத்தில் அசையாது. பஞ்சில் ஒரு சொட்டு எடுத்து, பக்கப் பலகையின் உள்மூலையில் மெல்ல ஒற்றினேன். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. கதவின் உள்விளிம்பில் ஒற்றினால் சிவப்பாக வந்தது! (முகப்பில் இதைச் செய்துவிடாதீர்கள். வெயில் பட்டு நலிந்த பழைய பூச்சு ஸ்பிரிட்டுக்கே வெளுத்துவிடும்.) அப்புறம் நோட்டுச் சோதிக்கும் புறஊதா டார்ச்சை அடித்துப் பார்த்தேன். மேல்பலகை ஆரஞ்சாக ஒளிர்ந்தது. அப்படி ஒளிர்வது பூச்சி அரக்கு. யாரோ பாலிஷ் போட்டிருக்கிறார்கள். ஆக, சீன அலமாரியின் தலையில் நம்மூர்ச் சரக்கு.

சக ஊழியர் ஒருவர் மூலம், பழைய மரச்சாமான் பழுதுபார்க்கும் ஒரு சீனப் பெரியவர் வந்தார். முகப்பை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "பின்னால் திருப்பு, அப்புறம் படுக்க வை" என்றார். கால் அடியைக் கட்டைவிரலால் தேய்த்து என்னிடம் நீட்டினார். விரலில் காப்பி நிறம்.

"காக்கி சுடா பொத்தோங், தம்பி."

மலாயில் சொன்னார்: கால் வெட்டியாச்சு. மண்தரையிலும் செங்கல் தரையிலும் நின்ற கால் அடியில் ஈரம் ஏறி, நார் பிய்ந்து, கறுத்து இருக்குமாம். இது ரம்பம் போட்ட சுத்தமான வெட்டு, பழசாகக் காட்ட மேலே சாயம். உள்ளே டார்ச் அடித்து, இரு பக்கச் சட்டங்களிலும் ஒரே உயரத்தில் பட்டி வைத்து அடைத்த நீள்சதுரக் குழிகளைக் காட்டினார். அங்கே ஒரு குறுக்குச் சட்டமும் அதன்மேல் இழுப்பறைகளும் இருந்திருக்கின்றன. முதுகுப் பலகையில் வட்ட ஓட்டை, பக்கத்தில் பிளக் பலகை இருந்த வெளிர்த் தடம். சங்கதி புரிந்துவிட்டது: டிவி. பெட்டி டிவியை உள்ளே வைக்க இழுப்பறையைப் பிடுங்கி, உட்கார்ந்து பார்க்க வாகாகக் காலையும் குறைத்திருக்கிறார்கள்.

கதவுக்கு ஒரு பூதக்கண்ணாடியே போதுமாக இருந்தது. பொன்வண்ணம் வெடிப்புக்குள் வழிந்து இறங்கியிருந்தது. வெடித்த பிறகு தீட்டினால்தானே அப்படி? கடைசிச் சிறுவன் பட்டம் விடுகிறான், ஆனால் நூல் பிடித்த கையைக் காணோம். பலகையின் ஓரத்தை அறுத்து இந்தச் சட்டத்துக்குள் அடக்கியிருக்கிறார்கள். ஒரு விரற்கடை கீழே பழைய கீலின் நிழலும் அடைத்த ஆணித் துளைகளும். இன்றைய கீலில் நட்சத்திரத் தலைத் திருகாணி, அது 1930களுக்கு முன் கிடையாது. வேறொரு அலமாரியின் கதவுகளை இதற்குக் கட்டிவைத்திருக்கிறார்கள். கல்யாண அலமாரி என்றது ஒருவகையில் சரிதான்.

உடல் மட்டும் பழசு என்றார். எல்ம் மரம், ஆணியில்லாமல் நாக்கும் குழியுமாகக் கோத்த சட்டங்கள், பெயர்ந்த இடத்தில் சிவப்புக்கு அடியில் சாம்பல் நிறக் காரைப் படலம். விலை மட்டும் சொல்ல மறுத்துவிட்டார்: "நான் வாங்கவும் செய்கிறவன். வாங்காத ஆளிடம் கேள்."

ஊட்ரம் ரோட்டுக் கடை ஒன்றில் இதே மாதிரி கைபடாத ஜோடிக்கு 3,800 வெள்ளி என்று அட்டை தொங்கியது. அதைப் பாதியாக்கி நான் மனக்கணக்குப் போட்டது அசட்டுத்தனம். அட்டையில் இருப்பது கடைக்காரரின் ஆசை. ஒற்றை அலமாரி ஜோடியில் பாதி விலைகூடப் போகாது. கட்டணம் வாங்கி மதிப்பிடுபவரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது, "காப்பீட்டுக்கா, விற்கவா?" இரண்டுக்கும் தொகை வேறு. விற்பதற்கு என்றேன். படங்களையும் அளவையும், நானே எழுதிக்கொண்டு போன குறைகளையும் பார்த்துவிட்டு 400 முதல் 500 என்று எழுதிக் கொடுத்தார். கால், கதவு, இழுப்பறை மூன்றும் போனதால் இதைப் பழம்பொருளாக யாரும் வாங்கமாட்டார்கள், அழகான மரச்சாமானாகத்தான் வாங்குவார்கள் என்றார். கட்டணம் 150.

விற்றவரிடம் சண்டைக்குப் போகவில்லை. போனில் கேட்டதற்கு, 90களில் வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது, பிள்ளைகள் அதில்தான் கார்ட்டூன் பார்த்தார்கள் என்றார். பொய்யாகத் தோன்றவில்லை.

புதுக் கால் ஒட்டலாமா என்று பெரியவரிடம் கேட்டேன். வேண்டாம், அடியில் கட்டை வை, எதையும் மேற்கொண்டு வெட்டாதே, ஒட்டாதே என்றார். முதுகு ஓட்டையையும் அடைக்க வேண்டாம், சிங்கப்பூர் ஈரத்துக்கு உள்ளே காற்று போகட்டும் என்றார். போர்வைகளை அடுக்கியிருக்கிறோம். அந்த ஓட்டை வழியாக இப்போது வைஃபை வயர் போகிறது.