மீயொலிப் பாய்வு ஆய்வகத் தேர்வு: ஒரு தெரிவில் கைநழுவிய மதிப்பெண்கள்

கணிப்பாய்ம இயக்கவியல் (காற்று, நீர் போன்றவற்றின் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் துறை) ஆய்வகத் தேர்வின் முடிவு நேற்று வெளியானது. தேர்ச்சி பெற்றுவிட்டேன் என்பது பெரிய நிம்மதி. ஆனாலும் மென்பொருளில் ஒரே ஒரு தெரிவைக் கவனிக்காமல் விட்டதால் இழந்த மதிப்பெண்கள் இன்னும் உறுத்துகின்றன.

15 பாகை அரைக்கோணம் கொண்ட கூம்பு மாக் 2 வேகத்தில், அதாவது ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில், செல்லும்போது அதன் முனையில் உண்டாகும் அதிர்ச்சி அலையின் கோணத்தைக் கண்டறிய வேண்டும் என்பதே எனக்கு வந்த கேள்வி. சீரான வேகத்தில் செல்லும் பொருளை நிறுத்திவைத்துக் காற்றை எதிரே ஓடவிட்டாலே போதும் என்பதால், மெஷ்ஷை (கணக்கிடும் வலைப்பின்னலை) நகர்த்தும் வேலை இல்லை. ரெசிடுவல்கள் (கணக்கில் மீந்திருக்கும் பிழை அளவுகள்) சீராக இறங்கின. அலைக்கோணம் 45 பாகையைச் சற்றே தாண்டி நின்றது. சாய்வு அதிர்ச்சி அலை வரைபடமும் 45.3 என்று காட்டியதால், சரிபார்த்தாயிற்று என்று நம்பி அறிக்கையை எழுதி முடித்தேன்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) புறத்தேர்வாளர் படத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் கணக்கிட்டது கூம்பையா, ஆப்பையா?" என்று மட்டும் கேட்டார். மென்பொருளில் 'ஆக்சிசிமெட்ரிக்' (அச்சைச் சுற்றிச் சமச்சீரானது, கூம்புக்கு உரியது) என்று மாற்றாமல் 'பிளானர்' (தட்டையான இரு பரிமாணம், ஆப்புக்கு உரியது) என்றே விட்டிருந்தேன். நான் ஒப்பிட்ட வரைபடமும் ஆப்புக்கு உரியது. ஆகவே தவறான கணக்கும் தவறான அளவுகோலும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லியிருக்கின்றன. கூம்பைச் சுற்றிக் காற்று எல்லாப் பக்கமும் விலக இடம் இருப்பதால் அலை வலுக்குறைந்து, கோணம் சுமார் 34 பாகையாகவே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க அட்டவணைகூடத் தேவையில்லை. அலைக்கும் பரப்புக்கும் இடையே அழுத்தப் படம் ஒரே நிறமாக இருந்தால் அது ஆப்பு. முனையிலிருந்து கதிர்கள்போல் விரிந்து, பரப்பை நெருங்க நெருங்க அழுத்தம் ஏறினால் அது கூம்பு. வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக:

- நுழையும் எல்லையில் எல்லா அளவுகளையும் கொடுங்கள். மீயொலியாக வெளியேறும் எல்லையில் எதையும் திணிக்காதீர்கள்.
- முதல் வரிசைத் துல்லியத்தில் (துல்லியம் குறைவு, ஆனால் எளிதில் சிதறாது) தொடங்கிப் பிறகு துல்லியம் கூடிய இரண்டாம் வரிசைக்கு மாறுங்கள்.
- கணக்கு சிதறினால் கூரன்ட் எண்ணை (ஒரு காலப்படியில் தகவல் எத்தனை வலைக்கட்டங்களைக் கடக்கிறது என்ற அளவை) குறையுங்கள்.
- காற்றின் வெப்பநிலை 300 கெல்வின் என்றால் மாக் 2இல் மொத்த வெப்பநிலை (ஓட்டத்தை வெப்ப இழப்பின்றி நிறுத்தினால் வரும் வெப்பநிலை) 540 கெல்வின். அலையைக் கடந்தாலும் அது மாறக் கூடாது.

பதற்றத்தில் கை முந்திக்கொள்ளும் இயல்பு எனக்கு உண்டு. அப்படிப்பட்டவர்கள் கணினியைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி, எதிர்பார்க்கும் விடையைத் தாளில் எழுதி வைப்பது நல்லது. நிதானமானவர்களுக்கு இது தேவைப்படாமலும் போகலாம்.

அரைக்கோணம் 25 பாகையானால் என்ன ஆகும் என்பது வைவாவின் கடைசிக் கேள்வி. மாக் 2இல் அலை முனையில் ஒட்டியிருக்க ஆப்பின் அரைக்கோண வரம்பு சுமார் 23 பாகை என்பதால் அதன் அலை முனையைவிட்டுப் பிரிந்து வில்லாக முன்னே நிற்கும், கூம்பின் வரம்பு ஏறத்தாழ 40 பாகை என்பதால் அதன் அலை முனையிலேயே ஒட்டியிருக்கும் என்று சொன்னேன். தேர்வாளர் தலையசைத்தார். என்னைத் தேர்ச்சிபெற வைத்தது அந்த விடைதான் என்று நினைக்கிறேன்.