10சி-யில் பணம் கேட்காதீர்கள்: பெங்களூரில் சிதறிக் கிடக்கும் பி.எஃப். கணக்குகளை ஒன்றாக்கிய அனுபவம்

"பதினஞ்சு வருஷம் கார்மென்ட்ஸ்ல தைச்சேன், பென்ஷன் இல்லைங்கறாங்க." பொம்மனஹள்ளி, பீன்யா பக்கத்தில் பி.எஃப். காகிதங்களோடு மல்லுக்கட்டும் எங்களைப் போன்ற எவரும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். இவர்கள் சேமிக்கவில்லை என்று சொல்ல முடியாது. மாதா மாதம் சம்பளத்தில் 12 சதவீதம் கைக்கு வருமுன்னே பிடித்தாகிவிட்டது. கயிறு அறுந்தது வேறு இடத்தில். ஒவ்வொரு கம்பெனி மாறும்போதும் சைபர் சென்டரில் "எல்லாத்தையும் எடுத்துக் குடுங்க" என்று சொல்ல, அங்கே இருப்பவர் படிவம் 19-ஐயும் 10சி-யையும் ஒரே மூச்சில் போட்டுவிடுகிறார். 19 போட்டால் போவது சேமிப்பு. 10சி-யில் பணம் கேட்டால் போவது பென்ஷனுக்கான வருடக் கணக்கு. இந்த இரண்டும் வேறு வேறு பை என்பதை யாரும் அவர்களுக்குப் பிரித்துச் சொல்வதில்லை.

பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய், முழுக்கச் சேமிப்புப் பைக்குப் போகிறது. கம்பெனி போடும் 12 சதவீதத்தில் 3.67 மட்டும்தான் அந்தப் பையில் விழும். மீதி 8.33 சதவீதம், ஏறக்குறைய 1,000 ரூபாய், பென்ஷன் நிதிக்கு. அதற்கு மேல் மத்திய அரசு 1.16 சதவீதம், சுமார் 139 ரூபாய், பென்ஷன் நிதியில் சேர்க்கிறது. 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்புக்குள் அரசு தன் கையிலிருந்து போடும் பணம் இவ்வளவுதான். சின்னத் தொகைதான். ஆனால் பத்து வருடத்தைத் தாண்டினால்தான் அது உங்களுடையதாகும்.

பென்ஷன் கணக்கு எளிது. கடைசி 60 மாதங்களின் சராசரிச் சம்பளத்தை வேலை செய்த வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 12,000 சம்பளம், பத்து வருடம் என்றால் 58 வயதிலிருந்து மாதம் 1,714 ரூபாய். அதே ஆள் ஒன்பதாம் வருடத்தில் 10சி போட்டு எடுத்தால் கிடைப்பது சம்பளத்தைப்போல் ஒன்பது மடங்குக்குச் சற்று மேல், ஏறக்குறைய ஒரு லட்சத்துப் பத்தாயிரம். பென்ஷனாக வாங்கினால் இந்தத் தொகை அறுபத்தைந்து மாதத்தில், 64 வயதுக்குள், வந்துவிடும். அதன் பிறகு வருவதும், அவர் இறந்தபின் மனைவிக்கோ கணவருக்கோ போகும் பாதிப் பென்ஷனும் (குறைந்தது 1,000 ரூபாய்) அந்தச் செட்டில்மெண்டோடு போயே போச்சு. ஒன்பதரை வருடம் ஆகிவிட்டால் அதைப் பத்தாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குமேல் 10சி-யில் பணம் கேட்டாலும் தரமாட்டார்கள்.

எடுத்தவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. 2016 பிப்ரவரி 10 அன்று, கம்பெனிப் பங்கை 58 வயதுவரை எடுக்கக்கூடாது என்று ஓர் அறிவிக்கை வந்தது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூர் கார்மென்ட்ஸ் பெண்கள் ஓசூர் ரோட்டில் இறங்கி ஊரையே நிறுத்தினார்கள். 19-ஆம் தேதியே அரசு அதைத் திரும்பப் பெற்றது. வேலை போனால் வேறு எந்த உதவியும் வராத இடத்தில் பி.எஃப்.தான் வேலையில்லாக் கால உதவித்தொகை, பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், ஊரில் போடும் கான்கிரீட் கூரை. 45 வயதில் மெஷினிலிருந்து எழுப்பி அனுப்பப்படும் பெண்ணிடம் 58 வரை பொறு என்பது நியாயமான பேச்சில்லை. அதனால் நாங்கள் சொல்வது இதுதான்: பணமுடை என்றால் 19 போடுங்கள். 10சி-யில் மட்டும் பணம் கேட்காமல் ஸ்கீம் சர்டிஃபிகேட் கேளுங்கள். படிவம் அதேதான், கேட்பதுதான் வேறு. வேலை பார்த்த வருடங்கள் அந்தச் சான்றிதழில் பத்திரமாக இருக்கும், அடுத்த கம்பெனியில் கொடுத்தால் தொடரும். 10சி-யில் பணம் எடுக்க இரண்டு மாதம் காத்திருந்தால் போதும் என்று இருந்ததை 36 மாதமாக்க 2025 அக்டோபரில் பி.எஃப்.-பை நடத்தும் அமைப்பான இ.பி.எஃப்.ஓ.-வின் அறங்காவலர் குழு முடிவெடுத்ததும் இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

இனி ஒன்றாக்கும் வேலை. முதலில் எத்தனை கணக்கு இருக்கிறது என்று தெரிய வேண்டும். பதிவு செய்த மொபைலிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசிக் கணக்கின் விவரம் எஸ்.எம்.எஸ்.-ஸில் வரும். முழுப் பட்டியல் இ.பி.எஃப்.ஓ. உறுப்பினர் இணையதளத்தில் 'வியூ' பகுதியில் உள்ள சர்வீஸ் ஹிஸ்டரியில் இருக்கிறது. 2014-க்கு முன் சேர்ந்தவர்களின் பழைய கணக்குகள் அதில் இல்லாமல் போகலாம். பழைய சம்பளச் சீட்டில் உள்ள பி.எஃப். எண்ணைத் தேடுங்கள். அதன் முதல் ஐந்து எழுத்துகள் எந்த அலுவலகம் என்று சொல்லிவிடும். பிஜி-பிஎன்ஜி (BG-BNG), பிஒய்-பிஓஎம் (PY-BOM) என்று தொடங்கினால் பெங்களூர்க் கணக்கு. எத்தனை கம்பெனி மாறினாலும் ஓர் ஆளுக்கு ஒரே யு.ஏ.என். எண்தான் இருக்க வேண்டும். சிலருக்கு இரண்டு இருக்கும், புதுக் கம்பெனிக்காரர் பழையதைக் கேட்காமலே இன்னொன்று உருவாக்கியிருப்பார். மூன்று வருடம் பணம் சேராவிட்டால் வட்டி நின்றுவிடும் என்று ஒரு வதந்தி உண்டு. இளவயதில் வேலையை விட்டவர்களுக்கு அது பொருந்தாது, 58 வயதுவரை வட்டி ஏறும்.

நேரம் தின்பது பெயர். தமிழருக்கு இதில் தனிச் சாபம், நம் இனிஷியல். ஆதாரில் 'முருகேசன் ஜி'. பான் கார்டில் இனிஷியலை விரிக்கச் சொல்வதால் 'கோவிந்தன் முருகேசன்'. பாங்கில் 'ஜி முருகேசன்'. கம்பெனி ரிஜிஸ்டரில் வெறும் 'முருகேஷ்'. லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள், சேரும்போது சூப்பர்வைசருக்கு எது வந்ததோ அதுதான் பி.எஃப்.-பில் இருக்கும். கணினி பார்ப்பது ஆங்கில எழுத்தை மட்டும். ஆதாரில் தமிழில் சரியாக இருக்கிறதே என்பது உதவாது.

வரிசை மாறினால் இரட்டை வேலை. முதலில் ஆதாரில் எந்த எழுத்து நிரந்தரம் என்று முடிவு செய்யுங்கள். பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. அதன்பின் பான், பிறகு பாங்க், கடைசியில்தான் பி.எஃப். முதலில் பி.எஃப்.-பைத் திருத்திவிட்டு அப்புறம் ஆதாரை மாற்றினால் மறுபடி பொருந்தாது. பி.எஃப். திருத்தத்துக்குப் பெயர் கூட்டு உறுதிமொழி, ஜாயின்ட் டிக்ளரேஷன். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு உருவாகி ஆதாரோடு இணைந்த யு.ஏ.என். என்றால், 2025 ஜனவரி முதல் கம்பெனி ஒப்புதல் இல்லாமலே நீங்களே மாற்றலாம். பழையது என்றால் கம்பெனி ஒப்புக்கொள்ள வேண்டும். கம்பெனி மூடிப்போயிருந்தால் காகிதப் படிவம், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் சான்றொப்பம், பி.எஃப். அலுவலகக் கவுண்டர். பெண்களுக்குக் கூடுதலாக ஒன்று: சேரும்போது அப்பா பெயர், கல்யாணத்துக்குப் பிறகு அடுத்த கம்பெனியில் கணவர் பெயர். உறவு என்ற கட்டத்தில் எது குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது வெளியேறிய தேதி. பழைய கம்பெனி அதைப் பதியாவிட்டால் எதுவும் நகராது. கடைசிப் பணம் விழுந்து இரண்டு மாதம் ஆனபின் 'மேனேஜ்' பகுதியில் 'மார்க் எக்ஸிட்' வழியாக நீங்களே போடலாம், ஆதார் ஓ.டி.பி. போதும். கடைசிப் பணம் எந்த மாதத்துக்கோ, அந்த மாதத் தேதியைத்தான் ஏற்கும். அவசரத்தில் புதுக் கம்பெனியில் சேர்ந்த நாளுக்குப் பிந்திய தேதியைப் போட்டால் இரண்டு வேலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதாகத் தெரியும், பின்னால் கேள்வி வரும். தேதியை ஒருமுறை போட்டால் திருத்த மறுபடி கூட்டு உறுதிமொழிதான். எனவே பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

இதெல்லாம் சரியானால் மாற்றுவது ஒரு பக்க வேலை. 'ஒன் மெம்பர் ஒன் இ.பி.எஃப். அக்கவுண்ட்' என்ற இடத்தில் பழைய கணக்கைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு பழைய கணக்கையும் நேராக இப்போதைய கணக்குக்கே மாற்றுங்கள். பணம் வந்தபின் பாஸ்புக்கில் பென்ஷன் பகுதி 0 என்று காட்டும். பணத்தை விழுங்கிவிட்டார்கள் என்று இங்கேதான் அலறுவார்கள். பென்ஷன் நிதி உங்கள் பெயரில் தனியாகக் குவிவதில்லை, வருடக் கணக்கு மட்டும்தான் இடம் மாறுகிறது. அது வந்ததா என்று காட்டும் காகிதம் அனெக்சர் கே. அதில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, சம்பளம் இல்லாத நாட்கள் மூன்றையும் சரிபாருங்கள். ஒன்றாக்குவதில் இன்னொரு லாபமும் உண்டு: மொத்த வருடம் ஐந்தைத் தாண்டிவிட்டால், பிறகு சேமிப்பை எடுக்கும்போது வரிப் பிடித்தம் இருக்காது.

பாஸ்புக்கில் மாதம் விடுபட்டிருந்தால் அது வேறு நோய். கம்பெனி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சீட்டில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் இ.பி.எஃப்.ஓ.-வின் குறைதீர்ப்புத் தளத்தில் சம்பளச் சீட்டுப் படத்தோடு புகார் போடுங்கள். சீட்டைத் தூக்கி எறிந்தவர்களுக்குத்தான் கஷ்டம். நேரில் பேச ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி 'நிதி ஆப்கே நிகட்' முகாம் உண்டு. நாமினியை ஆன்லைனில் போட்டுவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் போட்டது கல்யாணத்தோடு செல்லாது.

வீட்டுவேலை செய்யும் மனைவிக்கு பி.எஃப். கிடையாது. 40 வயதுக்குள், வருமான வரி கட்டாதவர் என்றால் பாங்கில் அடல் பென்ஷன் என்ற அரசுத் திட்டத்தை எடுக்கலாம். 30 வயதில் மாதம் 577 கட்டினால் 60-இல் 5,000. அரசு உத்தரவாதம் அந்த 5,000-க்குத்தான், அன்றைக்கு அரிசி என்ன விலை விற்கும் என்பதற்கு இல்லை. மாதம் 15,000-க்குள் வருமானம் என்றால் ஷ்ரம் யோகி மான்தன் என்ற இன்னொரு அரசுப் பென்ஷன் திட்டம் இருக்கிறது. 29 வயதில் நீங்கள் 100, அரசு 100, 60-இல் 3,000. நீங்கள் கட்டும் அளவுக்கே அரசும் இதில் போடுகிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் இதில் சேர முடியாது.

58 ஆனதும் பி.எஃப். பென்ஷன் கேட்கப் படிவம் 10டி. 50-லிருந்தே வாங்கலாம், ஆனால் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு, அது ஆயுள் முழுக்க. குறைந்தபட்சப் பென்ஷன் 2014 செப்டம்பரில் வைத்த 1,000 ரூபாய். ஒரு காஸ் சிலிண்டருக்கும் கொஞ்சம் பாலுக்கும் சரி. முன்பு தர்மபுரிக்கோ விழுப்புரத்துக்கோ திரும்பிப் போனால் பென்ஷன் ஆவணத்தையும் அந்த ஊர் அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து எந்த ஊர் பாங்கிலும் வாங்கலாம். வருடத்துக்கு ஒருமுறை உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். தையல் மெஷினில் தேய்ந்த விரல் ரேகை பதியாவிட்டால் போனில் முகம் காட்டியே கொடுத்துவிடலாம்.