மெத்தனால் கப்பலில் ஏற நான் சான்றிதழ் வாங்கிய விதம்

அடுத்த ஒப்பந்தம் மெத்தனாலிலும் டீசலிலும் ஓடும் கப்பலில் என்று கம்பெனி சொன்னதும், ஐஜிஎஃப் சான்றிதழுக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கினேன். ஐஜிஎஃப் என்பது 60 டிகிரிக்குக் கீழேயே பற்றக்கூடிய எரிபொருளில் ஓடும் கப்பல்களுக்கான விதித்தொகுப்பு, 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மெத்தனால் சுமார் 12 டிகிரியிலேயே பற்றும். எங்கள் காரைக்குடிப் பக்கம் மார்கழி விடியற்காலைகூட அதைவிடச் சூடு.

லீவில் பள்ளத்தூர் வீட்டில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பத்தா, "கள்ளச்சாராயத்துல கலந்து உசுரக் குடிச்சுச்சே, அதுவாய்யா?" என்று கேட்டார். அதேதான். 2024-இல் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலிவாங்கியது இந்த மெத்தனால்தான். அவர் பயம் நியாயமானது. குடித்தால்தான் என்றில்லை, ஆவியை சுவாசித்தாலும் தோலில் பட்டு உள்ளே இறங்கினாலும் விஷம். கண் பார்வையையே பறித்துவிடும்.

முதலில் அடிப்படைப் பயிற்சி, சென்னையில். அங்கே மனதில் நின்றது தீயணைப்பு வகுப்பு. தட்டில் எரியும் மெத்தனால் பகல் வெயிலில் கண்ணுக்கே தெரியவில்லை, மேலே காற்று மட்டும் நெளிந்தது. வெப்பக் கேமராவில் பார்த்த பிறகுதான் எவ்வளவு பெரிய தீ என்று புரிந்தது. சாதாரண நுரையை ஆல்கஹால் கரைத்துவிடும், அதைத் தாங்கும் தனி நுரை வேண்டும். நாலில் ஒரு பங்கு மெத்தனால் கலந்த தண்ணீரும் பற்றும் என்பதால், கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

அப்புறம் கப்பலில் ஏறினேன். சர்வதேசக் கடல்சார் அமைப்பு மெத்தனால் கப்பல்களின் பாதுகாப்புக்காக 2020-இல் வெளியிட்ட 1621-ஆம் சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடங்களைப் பார்த்தேன். டேங்கைச் சுற்றி காஃபர்டேம் என்னும் காலி இடைவெளி. தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே கடலை ஒட்டிய பக்கத்துக்கு அது தேவையில்லை. டீசலின் அதே சக்திக்கு இரண்டு மடங்குக்கு மேல் கொள்ளளவு வேண்டியிருப்பதால், இந்த விலக்கு வடிவமைப்பாளர்களுக்குப் பெரிய உதவி. டேங்குக்குள் மேலே எப்போதும் நைட்ரஜன். எஞ்சின் அறையில் வரும் குழாய்க்கு இரட்டைச் சுவர். இரண்டு சுவர்களுக்கு நடுவே மணிக்கு 30 முறை காற்று மாறும், ஆவி கசிந்தால் அங்கேயே அலாரம் அடிக்கும். இருக்கும் ஏற்பாடுகளிலேயே எனக்கு அதிக நம்பிக்கை தருவது இதுதான்.

எஞ்சினியர்களுக்கு அடிப்படைச் சான்றிதழ் போதாது, மேல்நிலைச் சான்றிதழும் வேண்டும். அதற்கு வகுப்போடு, ஐஜிஎஃப் கப்பலில் குறைந்தது ஒரு மாதக் கடல் சேவையும் அதற்குள் 3 முறை எரிபொருள் ஏற்றிய அனுபவமும் தேவை. அதில் இரண்டை அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டரில் ஈடுகட்டலாம். ஆனாலும் நேரில் செய்வதே நல்லது என்பேன். ஹோஸைக் கழற்றும் முன் நைட்ரஜனால் ஊதிச் சுத்தம் செய்யும்போது இருக்கிற கவனம் சிமுலேட்டரில் வராது.

நம் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இந்தக் கப்பல்களுக்குப் போனால், ஒவ்வொரு முறை எரிபொருள் ஏற்றிய தேதியையும் துறைமுகத்தையும் எழுதி, இறங்குவதற்கு முன்பே கேப்டனிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஊருக்கு வந்தபின் அதைத் தேடி வாங்குவது பெரும்பாடு.