கை எட்டும் தூரம்

ஏப்ரல் 24
மஞ்சள் காமாலை. ரத்தத்தில் பிலிரூபின் அளவு 8.6. மூன்று வாரமாவது படுக்கை.

ஏப்ரல் 25
படுத்துப் படுத்து முதுகு வலிக்கிறது. மதியம் லேப்டாப்பைத் தலையணை மேல் வைத்து மைன்கிராஃப்ட் விளையாட்டைத் திறந்தேன். கல்லூரி முடிந்ததிலிருந்து தொடாத உலகம். உள்ளே போனால் கட்டிலைச் சுற்றி 38 செஸ்ட், சாமான் போட்டு வைக்கிற பெட்டிகள். ஒரு சக்கிமுக்கிக் கல்லைத் தேடி ஒவ்வொன்றாகத் திறந்தேன். பத்தொன்பதாவதில், அழுகிப்போன இறைச்சிக்கும் வைரத்துக்கும் நடுவில் கிடந்தது. வைரத்தை அங்கே போட்டது எப்போது என்று நினைவே இல்லை.

இதை இப்படியே விட மனம் வரவில்லை. ஒழுங்காக ஒரு ஸ்டோர் ரூம் கட்டப் போகிறேன். எழுந்து நடக்காமல் செய்கிற வேலை, அம்மாவும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அப்பா இரவு பத்தே காலுக்கு வந்தார். கடையைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 26
நோட்டில் கணக்குப் போட்டேன். ஒற்றை செஸ்ட்டில் 27 இடம், இரட்டையில் 54. ஓர் இடத்துக்கு 64 வீதம் ஓர் இரட்டை செஸ்ட் 3,456 கல் பிடிக்கும். கல், மரம், தாது, செடி, உணவு, நெதர் என்கிற பாதாள உலகச் சாமான், ரெட்ஸ்டோன் (விளையாட்டின் மின்சாரம்), பூதங்கள் விட்டுப்போவது என எட்டுப் பிரிவு, பிரிவுக்கு மூன்று, மொத்தம் 24 செஸ்ட். இனம் இனமாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சுவர். வரைபடம் அழகாக வந்திருக்கிறது.

ஏப்ரல் 27
அரிப்பு. விடியும் வரை தூக்கமில்லை.

ஏப்ரல் 28
இன்று முழுக்க ஃபில்டர், வருகிற சாமானைத் தானாகப் பிரித்து அந்தந்தச் செஸ்ட்டில் போடுகிற அமைப்பு. இது ஒன்று சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

ஹாப்பர் என்பது பொருளை வாங்கிக் கீழே இறக்குகிற புனல் பெட்டி. அதற்குள் ஐந்து இடம். முதல் இடத்தில் நமக்கு வேண்டிய பொருள் 41. மீதி நான்கிலும் வேறு எதுவும் நுழையாமல் இருக்க ஒவ்வொரு குச்சி. இந்த நிலையில், உள்ளே எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அளக்கிற கம்பரேட்டர் 2 காட்டும், கீழே உள்ள ஹாப்பர் பூட்டியே இருக்கும். 42-வது கல் விழுந்ததும் 3 ஆகும். பூட்டுத் திறந்து ஒரு கல் கீழே இறங்கும், மறுபடி பூட்டிக்கொள்ளும். கீழே செஸ்ட் நிரம்பி, முதல் இடம் 64 வரை ஏறினாலும் எண் 3-ஐத் தாண்டாது. அதனால் பக்கத்து ஃபில்டரைத் தொந்தரவு செய்யாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து இந்த 41-ஐக் கண்டுபிடித்திருக்கிறார். அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

எண்டர் முத்து ஓர் இடத்துக்கு 16தான் அடங்கும் என்பதால் அதற்கு 41 பொருந்தாது. 10 முத்தும் நான்கு குச்சியும். இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டேன், சரியாக வருகிறது. வாள், கோடாலி ஒன்றன்மேல் ஒன்று அடங்காதவை. அதற்கெல்லாம் இந்த வழியே இல்லை, கையால்தான் வைக்க வேண்டும்.

அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார். கசப்பு இன்னும் தொண்டையில் நிற்கிறது.

ஏப்ரல் 30
தருமபுரியிலிருந்து அக்கா பையன் வந்துவிட்டான், முழுப் பரீட்சை லீவுக்கு. வந்ததும் வராததுமாக, "மாமா, உங்க கண்ணு ஏன் மஞ்சளா இருக்கு?" அக்கா அவனை இழுத்துக்கொண்டு போனாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, செஸ்ட் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொன்னான்.

மே 1
இன்றும் அப்பா கடைக்குப் போனார்.

மே 3
ஒரு ஃபில்டருக்கு மூன்று ஹாப்பர், ஒரு ஹாப்பருக்கு ஐந்து இரும்பு. 24 ஃபில்டருக்கு 360 இரும்புக் கட்டி. மூன்று நாளாகச் சுரங்கத்திலேயே கிடந்தேன். கம்பரேட்டருக்கு நெதர் குவார்ட்ஸ் வேண்டும், 24 போதும். சின்னவன் நானே போகிறேன் என்று கெஞ்சினான், போகச் சொன்னேன். குவார்ட்ஸ் 40 கொண்டு வந்தான், என் வைரக் கோடாலியை எரிமலைக் குழம்பில் விட்டுவிட்டு வந்தான். அழுகிற நிலையில் இருந்தான். கோடாலி போனால் போகிறது என்று சொன்னேன். நிஜமாகவே அது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

மே 5
9.1. ஏறியிருக்கிறது. அதற்குள் எப்படி ஏறும்? எண்ணெய் இல்லை, மசாலா இல்லை, பத்து நாளாக இட்லியும் மோர்சோறும். களி கூட வேண்டாம் என்றுதான் இருந்தேன். சில சமயம் ஏறி இறங்கும் என்றார் டாக்டர். எழுந்து போகும்போது "சில சமயம்" என்பதை மறுபடி ஒருமுறை சொன்னார். அது எதற்கு?

வேலைக்குச் சேர வேண்டிய தேதி ஜூன் 2. ஓசூரில் தங்க ரூமுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

இன்று லேப்டாப்பைத் தொடவில்லை.

மே 6
எல்லாம் கெட்டுப்போயிற்று.

காலையில் சின்னவன் மீதமிருந்த குச்சிகளை, பன்னிரண்டு கட்டுக்கு மேல் இருக்கும் (ஒரு கட்டு 64), அப்படியே நுழைவு செஸ்ட்டில் போட்டிருக்கிறான். போட வேண்டிய இடம் அதுதான், அவன் மேல் தப்பில்லை. தப்பு என்னுடையது. அடைப்புக்கு நான் வைத்ததும் அதே சாதாரணக் குச்சி. வந்த குச்சிகள் வரிசையாக ஃபில்டருக்குள் நுழைந்து, ஒன்று ஒன்றாக இருந்த இடத்தில் சேர்ந்துகொண்டே போயின. எண் மேலேயே நின்றது, பூட்டு திறந்தபடியே இருந்தது, 41 கல்லும் கீழே கொட்டித் தீர்ந்தது. முதல் இடம் காலியானதும் எது வந்தாலும் அதில் நுழைந்தது. நான் பார்க்கும்போது தங்கம் போக வேண்டிய செஸ்ட்டில் கோதுமை விதை, மண், சிலந்தி நூல். 24-ல் பதினேழு ஃபில்டர் போயிற்று.

ஹாப்பர் நொடிக்கு இரண்டரைப் பொருள்தான் நகர்த்தும். நிரம்பிய ஓர் இரட்டை செஸ்ட்டை மறுபடி பிரிக்க 23 நிமிடம். இப்படி எத்தனை செஸ்ட்! கையால் பொறுக்கிப் போட்டால் இன்னும் மோசம். சின்னவன் சத்தமே இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு செஸ்ட் முழுக்கப் பிரித்துக் கொடுத்தான்.

மே 7
பட்டறைக்கல்லில் குச்சிகளுக்குப் பெயர் மாற்றினேன். 64 குச்சிக்கும் சேர்த்து ஒரே ஒரு லெவல்தான் செலவு. இதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் அத்தனையும். பெயர் மாறிய குச்சியோடு சாதாரணக் குச்சி சேராது. 24 ஃபில்டருக்கு 96 வேண்டும், இரண்டு கட்டாகச் செய்தேன். "என்ன பேர் வைக்க?" என்றான் சின்னவன். நீயே வை என்றேன். எல்லாவற்றுக்கும் "தாத்தா கடை" என்று வைத்திருக்கிறான்.

மே 9
இரவு அப்பா கட்டிலுக்குப் பின்னால் வந்து நின்றார். வழக்கமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இன்று போகவில்லை.

"இது என்ன, குடோனா?"

ஆமாம் என்றேன். பிரிவுகளைச் சொன்னேன். சுவர் சுவராகக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இதுல அதிகமா போறது எது?"

தீப்பந்தம், ரொட்டி, கல், மரப்பலகை என்றேன்.

"அப்புறம் அதை ஏன் அந்தக் கோடியில வச்சிருக்க?"

அது உணவுப் பிரிவு, இது மரப் பிரிவு என்று சொல்ல வாயெடுத்தேன். வாயில் வந்ததை விழுங்கிவிட்டேன். அவர் கேட்டதில் ஒரு சொல் கூட விலக்க முடியாது.

கடையில் அவர் ஸ்டூலில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதே அபூர்வம். வலக்கை நீட்டினால் சர்க்கரை, டீத்தூள், தீப்பெட்டி. இடக்கைப் பக்கம் உப்பு, புளி. முழங்கால் உயரத்தில் பருப்பு டின்கள். கற்பூரமும் சாம்பிராணியும் மேல் பலகையில், ஆனால் செவ்வாயும் வெள்ளியும் காலையிலேயே கீழே இறங்கிவிடும். மாங்காய் வந்தால் கடுகும் வெந்தயமும் முன்னால் வரும், கல்லுப்பு மூட்டையை வாசலுக்கே இழுத்துப் போடுவார், ஊருக்கே ஊறுகாய் போடுகிற மாதம். காவேரிப்பட்டணத்தில் எத்தனை மளிகைக் கடை இருக்கிறது, சாமான் பெயர் சொல்லி முடிப்பதற்குள் அது கைக்கு வருகிற கடை இது ஒன்றுதான். சின்ன வயதில் அவர் பார்க்காமலே எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆனால் அந்த அடுக்குக்கு ஒரு யோசனை இருக்கிறது என்று இன்று வரை எனக்குத் தோன்றியதே இல்லை.

மே 10
பழைய வரைபடத்தைக் கிழித்துவிட்டேன்.

சுவர் கணக்கை விட்டேன். முதலில் நிற்கிற இடம். தரையில் ஒரே ஒரு கட்டம், அதில் சிவப்புக் கம்பளம். அங்கே நின்றபடி கை எட்டுவது 4.5 கட்டம். அந்த வட்டத்துக்குள் என்னென்ன வரலாம் என்பதுதான் கேள்வி. போன வாரம் நான் எதை எத்தனை முறை எடுத்தேன் என்று யோசித்து ஒரு பட்டியல் எழுதினேன். வைரத்தை இரண்டு முறை. தீப்பந்தத்தை எண்ணவே முடியவில்லை.

செஸ்ட் மேல் முழுக்கட்டி வைத்தால் திறக்காது. பேரலுக்கு அந்தத் தொல்லை இல்லை, தரையிலிருந்து கூரை வரை அடுக்கலாம். 27 இடம்தான், பரவாயில்லை. வட்டத்துக்குள் எல்லாமே பேரல், ஒவ்வொன்றின் முகத்திலும் ஃப்ரேமில் அந்தந்தப் பொருள். வெளியே, நடந்து போய் எடுக்கிற தூரத்தில்தான் இரட்டை செஸ்ட்டும் ஃபில்டரும்.

மே 13
6.4. அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்றுவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னார்.

மே 14
சின்னவனுக்குச் செம்புப் பொம்மை வேண்டும். செம்புக் கட்டி மேல் செதுக்கிய பூசணியை வைத்தால் உயிர் பெறும். செம்புப் பெட்டியிலிருந்து ஒரு தடவைக்கு 16 பொருள் வரை எடுத்துக்கொண்டு, அதே பொருள் இருக்கிற செஸ்ட்டைத் தேடிப் போய் வைக்கும். ரெட்ஸ்டோனே வேண்டாம். 360 இரும்பு செலவழித்தவனிடம் வந்து சொல்கிறான்!

ஹாப்பர் போல வேகமில்லை. ஆனால் அது செஸ்ட் செஸ்ட்டாகத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. எண்ணிக்கை அதிகமான கல்லும் மண்ணும் ஃபில்டருக்கு, உதிரியாக ஒன்றிரண்டு வருவதெல்லாம் பொம்மைக்கு என்று முடிவு. நாளாக ஆகப் பச்சை பிடித்துச் சிலையாகிவிடும் என்று சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது. தேன்கூட்டு மெழுகு தடவினால் அப்படி ஆகாது என்றேன். மெழுகு கிடைக்கும் வரை தூங்க மாட்டேன் என்று பதினொன்றரை வரை தேனீ தேடினான்.

மே 16
கடையிலிருந்து முதல் வண்டி வந்தது. சாக்கு, காலி டின், பழைய தராசு, கணக்கு நோட்டுகள். எல்லாம் கூடத்தில். 31-ஆம் தேதிக்குள் கடையைக் காலி செய்து சாவி கொடுக்க வேண்டும்.

என்னைத் தூக்க விடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு பேர் அப்படியே இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள், எது முன்னால், எது பின்னால் என்று ஒன்றும் கிடையாது. இரவு அப்பா நூல்கண்டைத் தேடினார். வெகு நேரம் தேடினார். அவர் எதையும் தேடி நான் பார்த்ததில்லை.

மே 17
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 19
கம்பளத்தில் நின்று பார்த்தேன். வெறும் கையோடு வந்து, சுரங்கத்துக்கு வேண்டிய அத்தனையும் எடுத்துக்கொண்டு கிளம்ப 11 நொடி. பழைய 38 செஸ்ட் வீட்டில் இதற்கே நான்கு நிமிடம் ஆகும். சின்னவன் வாயாலேயே எண்ணினான், ஃபோன் வைத்தும் பார்த்தோம்.

பூனை ஒன்று ஓர் இரட்டை செஸ்ட் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அது இறங்குகிற வரை திறக்காது. அடிக்காதே என்று அவனிடம் சொல்லிவிட்டேன். கிரீப்பர் பூதம் பூனையைக் கண்டால் ஓடும், இருந்துவிட்டுப் போகட்டும்.

மே 21
3.8. பசி எடுக்கிறது. மாம்பழம் ஒன்று முழுதாகச் சாப்பிட்டேன்.

மே 22
சின்னவன் ஊருக்குப் போய்விட்டான். பொம்மையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இரண்டு முறை ஃபோன்.

மே 23
தெரு பார்த்த முன்னறையிலேயே கடை வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அப்பா பதில் சொல்லவில்லை, ஆனால் சாயங்காலம் அந்த அறையின் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்.

அறை பத்துக்கு எட்டு. கடை இதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். நோட்டின் பின்பக்கத்தில் வரைந்து பார்க்கிறேன். ஸ்டூலை ஜன்னலோரம் போட்டால் வலது பக்கம் கதவு இடிக்கிறது. கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினால் நான்கு பலகை வரும்.

மே 24
அப்பாவை ஸ்டூலில் உட்காரச் சொல்லி டேப்பால் அளந்தேன். எதற்கு என்று கேட்காமல் கையை நீட்டினார். வலது பக்கம் 2 அடி 4 அங்குலம். இடது பக்கம் அவ்வளவு வரவில்லை, தோள் வலி இருக்கிறதாம், சொன்னதே இல்லை. அப்படியென்றால் உப்பையும் புளியையும் இடது பக்கம் வைக்கக் கூடாது. வலது பக்கம் மேல் வரிசையில் சர்க்கரை, டீத்தூள், அதற்குக் கீழே உப்பு. புளிப் பானையைக் காலடியில் வைத்தால் குனிய வேண்டியிருக்கும். பருப்பு டின் எட்டு, ஆறுக்குத்தான் இடம் வருகிறது. கடலைப் பருப்பையும் பொட்டுக்கடலையையும் ஜன்னல் கட்டைக்குக் கீழே தள்ளலாமா என்று கேட்டேன். பொட்டுக்கடலை காலையில் சட்னிக்கு முதலில் போகிறது, அது மேலே இருக்கட்டும் என்றார். உளுந்தை...