பேச்சே இல்லாத வேலையைத் தேடி

"அதிகம் பேசாதவர்களுக்கு நல்ல சம்பளத்தில் என்ன வேலை?" என்று தேடினால் எங்கும் ஒரே பட்டியல்தான்: புரோகிராமர், கணக்காளர், நூலகர். நானும் அதை நம்பித்தான் மென்பொருள் பக்கம் வந்தேன். கணினியோடு மட்டும் குடித்தனம் நடத்திவிடலாம் என்று நினைப்பு. வந்து பார்த்தால் தினமும் காலையில் 15 நிமிட ஸ்டாண்ட்-அப் மீட்டிங், அதாவது குழுவில் ஒவ்வொருவரும் தன் வேலை நிலவரத்தைச் சொல்லும் சின்னக் கூட்டம். என் முறை வருவதற்குள் சொல்லவேண்டிய மூன்று வரிகளை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருப்பேன், அதனால் எனக்கு முன்னால் பேசியவர் என்ன சொன்னார் என்பது காதிலேயே ஏறாது.

இதைக் கூச்சம் என்று சொல்லிவிடுகிறார்கள். இல்லை. உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் இன்ட்ரோவர்ட் (அகமுகி), எக்ஸ்ட்ரோவர்ட் (புறமுகி) என்ற பிரிவைப் பற்றி எழுதியபோதே, மனதின் கவனம் உள்ளே திரும்பியிருக்கிறதா வெளியேயா என்றுதான் பார்த்தார். எனக்குப் பேச பயமில்லை, பேசி முடித்தபின் அலுத்துவிடுகிறது, அவ்வளவுதான். அதிலும் முன்தயாரிப்பு இல்லாமல், முகம் தெரியாதவர்களோடு, நாள் முழுக்கப் பேசவேண்டியிருந்தால் மட்டும்.

அதனால் இப்போதெல்லாம் ஒரு வேலையில் எவ்வளவு பேச்சு என்று பார்ப்பதை விட்டுவிட்டு எந்த மாதிரிப் பேச்சு என்று பார்க்கிறேன். ஆக்சுவரியை எடுத்துக்கொள்ளுங்கள். யார் எந்த வயதில் இறக்க வாய்ப்பு, எவ்வளவு இழப்பீடு தரவேண்டி வரும் என்று கணக்குப் போட்டு காப்பீட்டு பிரீமியத்தை முடிவு செய்ய உதவுகிறவர். தேர்வுகளை முடிக்கவே வருடக்கணக்காகும், பாதியில் விடுபவர்கள் நிறைய, முடித்தவர்களுக்குச் சம்பளம் நன்றாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கணக்கை நிர்வாகத்துக்கு விளக்கியே ஆகவேண்டும், ஆனால் கையில் தாளோடு, தயாராகிப் போய்ப் பேசலாம். ரேடியாலஜிஸ்ட்டும் அப்படித்தான்: இருட்டறை, திரையில் ஸ்கேன், நடுவில் வேறொரு டாக்டரின் போன், பேச்சு முழுக்க அந்தப் படத்தைப் பற்றியே. என்ன, படித்து முடிப்பதற்குள் தலை நரைத்துவிடும்! மென்பொருள், கருவிகளுக்குக் கையேடு எழுதும் டெக்னிக்கல் ரைட்டர் வேலை தனிமையானது என்பார்கள், நம்பாதீர்கள், பாதி நேரம் பதில் தராத என்ஜினியர்கள் பின்னால் அலைவதிலேயே போகும்.

நேர்முகத் தேர்வில் "மீட்டிங் அதிகமா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் சொல்ல மாட்டார்கள். "நேற்று உங்கள் நாள் எப்படிப் போனது?" என்று கேளுங்கள். நான் கேட்டபோது ஒருவர் சிரித்துக்கொண்டே தன் காலண்டரைத் திரையில் காட்டினார். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை இடைவெளியே இல்லாமல் வண்ண வண்ணக் கட்டங்கள். அந்த வேலைக்கு நான் போகவில்லை.

அப்புறம் சம்பள உயர்வு. செய்த வேலையைச் சொல்லிக்கொள்ளத் தெரியாததால் நம்மாட்கள் கோட்டைவிடுவது இங்கேதான். சரி, வாயால் வராது, எழுத வருமே என்று வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரம் முடித்ததை ஐந்து வரி மின்னஞ்சலாக மேலாளருக்கு அனுப்ப ஆரம்பித்தேன். முதல் மின்னஞ்சலுக்கு ஒரு வரிதான் பதில் வந்தது: "இதெல்லாம் நீங்கள் செய்ததா?"