கயிறும் கல்லும் பூவும்

போன சனிக்கிழமை பயிற்சிக்குப் போகும் வழியில் நெல்லியடிச் சந்தையில் நாற்பது முழம் கயிறு வாங்கினேன். "ஆட்டுக்கோ டீச்சர்?" என்று கடைக்காரர் கேட்டார். வகுப்புக்கு என்றேன். பூவுக்கு எங்கள் வளவுச் செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் போதும். கல்லை ஒழுங்கையில் பொறுக்கிக்கொள்ளலாம். பெரிதும் சிறிதுமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வந்திருந்தவர்கள் பன்னிரண்டு பேர். பிள்ளைகளோடு வேலை செய்யப்போகும் உளவளத்துணையாளர்கள். நான் இந்த வேலைக்குள் வந்து இருபது வருடமாகிறது. இப்போது புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நாங்கள் பழகும் முறைக்குப் பெயர் கிட்நெட். போர் போன்ற பயங்கரங்களைக் கண்டவர்களின் மனவடுவை, வாழ்க்கைக் கதையைச் சொல்லவைத்து ஆற்றுவதற்கு ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தில் மாகி ஷவர், பிராங்க் நொய்னர், தோமஸ் எல்பேர்ட் ஆகியோர் உருவாக்கிய சிகிச்சையின் பிள்ளைகளுக்கான வடிவம் அது. பிள்ளை நிலத்தில் ஒரு கயிற்றை விரிக்கும். அதுதான் அதன் வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பூ, பயங்கரம் நடந்த இடத்தில் கல். கயிற்றின் நுனியைச் சுருட்டியே விட்டுவிடுவோம். அது இனி வரப்போகும் காலம். அடுத்த அமர்வுகளில், பிறந்த நாளிலிருந்து ஒழுங்காக, ஒவ்வொரு கல்லிலும் நின்று நின்று பிள்ளை கதை சொல்லும். நாங்கள் எழுதுவோம். அடுத்த முறை அதை வாசித்துக் காட்டித் திருத்துவோம். முடிவில் அந்தக் கதை பிள்ளையின் கைக்கே போய்விடும்.

பிள்ளைகளிடம் போவதற்கு முதல், பயிற்சிக்கு வந்தவர்கள் தங்கள் கயிற்றை விரிக்க வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

என் கயிற்றை நான் முதன்முதல் விரித்தபோது 1995 ஒக்டோபர் 30 இரவுக்கு ஒரு சின்னக் கல்லைத்தான் வைத்தேன். இராணுவம் வருகிறதென்று யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுக்க வீடுவாசலை விட்டு, மழையில் நனைந்துகொண்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த இரவு அது. எல்லாருக்கும் நடந்ததுதானே, இதிலென்ன பெரிய கல் என்று நினைத்தேன். பயிற்றுநர் ஒன்றும் கேட்கவில்லை. அன்று பின்னேரம் நானே எழும்பிப் போய் அதை எடுத்துவிட்டுப் பெரிய கல்லொன்றை வைத்தேன்.

இந்த முறை வந்தவர்களில் பலருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது. அதாவது 2009இல் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள். போர் முடிந்த முள்ளிவாய்க்காலிலிருந்தும், தப்பி வந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்தும் வந்த அந்தப் பிள்ளைகள்தான் இன்று சிகிச்சை செய்யப் பழக வந்திருக்கிறார்கள். ஒரு தம்பி பூக்களையெல்லாம் வைத்து முடித்துவிட்டு ஒரு கல்லைக் கைக்குள் பொத்திக்கொண்டே இருந்தார். (இதை எழுத அவரிடம் அனுமதி கேட்டேன். சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"கட்டாயம் வைக்கோணுமோ மிஸ்?"

"இண்டைக்கு வைக்கத் தேவையில்லைத் தம்பி."

அவர் தலையாட்டினார். அந்தக் கல்லோடு அவர் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் போய் இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அப்படிப் போயிருக்கிறேன்.

2005, சுனாமிக்குப் பிறகு. வெளியிலிருந்து வந்த ஒரு குழு நடத்திய மூன்று நாள் பட்டறை, கையில் ஒரு சான்றிதழ். நாலாம் நாள் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் ஒன்பது வயதுப் பிள்ளையொன்றோடு இருந்தேன். படம் கீறச் சொன்னேன், கடலைக் கீறினாள். சொல்லம்மா என்றேன், சொல்லத் தொடங்கினாள். தம்பியின் கையைப் பிடித்திருந்த இடத்துக்கு வந்ததும் அவளுக்கு உடம்பு நடுங்கியது. எனக்குப் பயம் வந்துவிட்டது. "சரி, சரி, அதை மறந்திடுங்கோ, கடவுள் இருக்கிறார்" என்று கட்டிப்பிடித்து அனுப்பிவிட்டேன். அந்தப் பிள்ளை பிறகு என்னிடம் வரவேயில்லை.

கதையைத் திறந்துவிட்டு, பயம் உச்சத்தில் நிற்கும்போது மூடிவிட்டேன். அவள் கடலுக்குள்ளேயே நின்றாள், நான் வெளியே வந்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிறகு முறையாகப் படித்தேன். கூடவே இருந்து, மெதுவாக, "அப்ப காதில என்ன கேட்டது? இப்ப என்ன கேக்குது?" என்று அன்றையும் இன்றையும் மாறி மாறிக் காட்ட வேண்டும். அப்போது அலை, இப்போது காகம். அப்போது குளிர், இப்போது இந்தப் பாய். அவள் கரைக்கு வந்து, அன்று யார் தூக்கினார்கள் என்பதைச் சொல்லி, நடுக்கம் தணிந்த பிறகுதான் அமர்வு முடிய வேண்டும். ஒரு மணித்தியாலம் போகலாம், ஒன்றரையும் ஆகலாம்.

அதே காலத்தில் வடக்கு கிழக்கில், போரையும் சுனாமியையும் கண்ட 8 முதல் 14 வயது வரையான 31 பிள்ளைகளோடு ஓர் ஆய்வு நடந்தது. கிளவுடியா கத்தானியும் சகாக்களும் 2009இல் அதை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குக் கிட்நெட், மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும், எல்லாருக்கும் ஆறு அமர்வுகள். சிகிச்சை செய்தவர்கள் பயிற்சி பெற்ற எங்கள் ஊர் உளவளத்துணையாளர்களே. ஆறு மாதம் கழித்து, முதல் குழுவில் 81 சதவீதத்தினரும் மற்றதில் 71 சதவீதத்தினரும் மனவடு நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். சிகிச்சையே பெறாத குழு ஒன்று அதில் இல்லை. ஆகவே தானாக ஆறியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. தியானக் குழுவின் எண் எனக்கு ஆச்சரியமில்லை. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அந்தந்தச் சமயத்துக்காரருக்கு அவரவர் செபத்தையும் தியானத்தையும் கொண்டே தளர்வுப் பயிற்சி கொடுக்கலாம் என்று எப்போதோ எழுதியிருக்கிறார். நான் இதில் பார்ப்பது வேறொன்று. எங்கள் ஆட்களால் இது முடியும், ஒழுங்காகப் பழக்கினால்.

பழக்குவதில் பாதி, பழகியதை விடவைப்பது. இங்கே நிறையப் பேர் ஆசிரியர்களாக இருந்து இந்த வேலைக்கு வந்தவர்கள். பிள்ளை அழுதால் கை கண்ணீரைத் துடைக்கப் போகும், வாய் புத்தி சொல்லப் போகும். சனிக்கிழமை நான் பத்து வயதுப் பிள்ளையாக நடித்து "ஒண்டுமில்லை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த தங்கச்சி ஒரு நிமிடத்தில் ஏழு கேள்வி கேட்டார். எண்ணிக் கரும்பலகையில் எழுதினேன். பிறகு ஒரு கேள்வி, இருபது செக்கன் மௌனம் என்று திரும்பச் செய்தோம். மூன்றாம் தடவை அந்த மௌனத்துக்குள் எனக்கே கதைக்க மனம் வந்தது.

சம்பவம் நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டு வழிகாட்டியில் சொல்லிவிட்டது. ஆனால் மூன்று நாள் பட்டறைகள் இன்னும் நடக்கின்றன, அவற்றுக்குக் காசும் கிடைக்கிறது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை உளவளத்துணையாளர் தன் பிள்ளைகளின் கதைகளை ஒருவரிடம் கொண்டுவந்து, நான் எங்கே பயந்தேன், எங்கே அவசரப்பட்டேன் என்று பேசும் மேற்பார்வைக்குக் காசு கேட்டால் கிடைப்பதில்லை. பட்டறையை ஒரு நாள் குறைத்தாவது அதற்குக் கொடுங்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன். முகாமில் எனக்குப் பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்திருந்தால், அடுத்த நாளே அந்தப் பிள்ளையைத் தேடிப் போகச் சொல்லியிருப்பார்.

பின்னேரம் கயிறுகளைச் சுருட்டி, கல்லுகளை எண்ணிப் பைக்குள் போட்டேன். ஒன்று குறைந்தது. அந்தத் தம்பியின் சட்டைப்பை புடைத்திருந்ததைக் கண்டேன். திருப்பிக் கேட்கவில்லை. இன்னும் இரண்டு கிழமையில் மேற்பார்வை. முதல் அரைமணி நேரத்தை அவருக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.