கண்ணியும் குவேசாரும்

பிப்ரவரி 11, 2025

ஜெர்மானிய மெய்யியலாளர் டில்தையின் 1894ஆம் ஆண்டுக் கட்டுரையை மீண்டும் எடுத்தேன். இயற்கையை விளக்குகிறோம், உளவாழ்வைப் புரிந்துகொள்கிறோம் என்று அதில் அவர் வகுத்த பாகுபாடு, நூறாண்டுகளுக்குப் பின்னும் ஜெர்மானிய மெய்யியலில் வேலியாகவே நிற்கிறது. ஒரு பக்கம் பொது விதிகளைத் தேடும் அறிவியல். மறுபக்கம் நூலையும் மனிதரையும் உள்ளிருந்து அறிய முயலும் பொருள்கோளியல். (பொருள்கோள் என்றதும் நன்னூலின் எட்டு வகைகளே எனக்கு நினைவுக்கு வருகின்றன. அவை செய்யுளில் சொற்களை இயைத்துப் பொருள் கொள்ளும் முறைகள். இங்கே வழக்கு வேறு.)

பிப்ரவரி 12

முன்முடிவு இல்லாமல் எவரும் ஒரு நூலுக்குள் நுழைவதில்லை என்று 1960இல் பொருள்கோளியலாளர் காடமர் எழுதியதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் புரிதல் முறைமைக்கு அப்பாற்பட்டது என்று அவருடைய அன்பர்கள் சொல்லும்போது, தவறான வாசிப்பை எதைக்கொண்டு தள்ளுவார்கள் என்ற கேள்வி எழுகிறது. அறிவியலுக்கும் பொருள்கோளியலுக்கும் முறை ஒன்றே என்று வாதிட்ட மெய்யியலாளர் ஹான்ஸ் ஆல்பர்ட்டின் சீற்றம் அங்கிருந்துதான் பிறக்கிறது. அவர் பக்கம் சாய்கிறேன், முழு மனதோடு அல்ல.

பிப்ரவரி 15

இன்று முழுவதும் அறிவியல் மெய்யியலாளர் வொல்ஃப்காங் ஸ்டெக்மியூலரின் கட்டுரையோடு கழிந்தது. ஜெர்மானியக் கவிஞர் வால்டர் ஃபொன் டெர் ஃபோகல்வைடெ 1200ஐ ஒட்டிய காலத்தில் பாடிய ஒரு காதற்பாடலையும், 3சி 273 என்னும் குவேசாரையும் (விண்மீன் போலத் தோன்றும் மிகத் தொலைவான பேரொளிப் பொருள்) அருகருகே வைத்து, பகுதியைப் புரிய முழுமையும் முழுமையைப் புரியப் பகுதியும் வேண்டும் என்னும் புரிதலின் வட்டம் பொருள்கோளியலுக்கு மட்டும் உரியதா என்று கேட்கிறார்.

பாடலின் முதல் அடியில் ஒருவன் ஒரு பெண்ணிடம் கண்ணியை, தலையில் சூடும் பூமாலையை, நீட்டி, ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறான். அவளை அவன் விளிக்கும் சொல் 'ஃப்ரோவெ'. அடுத்த அடியிலேயே பாடல் அவளை 'மகெட்' என்கிறது. முன்னது அக்காலத்தில் உயர்குடிச் சீமாட்டியைக் குறித்தது, பின்னது மணமாகாத இளம்பெண்ணை. இன்றைய ஜெர்மன் மொழியின் 'ஃப்ராவ்' என்பதை மனத்தில் வைத்துப் படிப்பவர் இந்த இடறலை உணராமலே கடந்துவிடுவார். எளிய பெண்ணைச் சீமாட்டியாக உயர்த்துகிறானா, அல்லது அவள் உண்மையிலேயே சீமாட்டியா என்பதைப் பொறுத்துப் பாடலே மாறிவிடும். ஆகவே வாசகர் ஒரு கருதுகோளை முன்வைத்து, அதைப் பிற அடிகளோடும் அக்காலச் சொல்வழக்கோடும் ஒட்டிப் பார்க்கிறார்.

1963இல் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் செய்ததும் இதுவே. 3சி 273இன் நிறமாலையில் அடையாளம் தெரியாமல் கிடந்த கோடுகள், ஏறத்தாழ 16 விழுக்காடு நீண்ட அலைநீளத்துக்கு நகர்ந்த ஹைட்ரஜன் கோடுகள்தாம் என்றும், அது நம்மைவிட்டு விரைந்து விலகும் தொலைதூரப் பொருள் என்றும் அவர் வாசித்தார். அந்த நகர்வு ஓர் அடர்ந்த விண்மீனின் ஈர்ப்பால் நேர்ந்திருக்கலாம் என்ற மாற்று வாசிப்பும் இருந்தது. ஆனால் மிக அடர்ந்த வாயுவில் தோன்ற இயலாத ஆக்சிஜன் கோடு ஒன்று அதே நிறமாலையில் இருந்ததால் அந்த வாசிப்பு தள்ளாடியது. பின்னணி அறிவு எங்கே முடிகிறது, சான்று எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பது இரு தரப்புக்குமே கடினம் என்கிறார் ஸ்டெக்மியூலர். வட்டம் என்ற பெயரே பொருந்தாது என்பது அவர் கட்சி. எனக்கு இது சரியாகவே படுகிறது.

பிப்ரவரி 17

இருந்தும் ஒன்று உறுத்துகிறது. வானியலாளர் ஐயம் வந்தால் தொலைநோக்கியை மீண்டும் திருப்பலாம். வால்டரின் பாடலுக்கோ எஞ்சியவை சில கைப்பிரதிகள் மட்டுமே, அவையும் செய்யுள்களின் வரிசையில் ஒத்துப்போவதில்லை. அவற்றுள் புகழ்பெற்றதான மனெஸ்ஸெ சுவடி, காடமர் கற்பித்த ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் நூலகத்திலேயே இருக்கிறது. ஆக, முறை ஒன்றுதான், அழைக்கக்கூடிய சாட்சிகளின் எண்ணிக்கைதான் வேறு என்று ஆல்பர்ட்டின் கட்சிக்கு எழுதிக்கொடுக்கத் தயாராக இருந்தேன்.

பிறகு இரவில் இரு வரிசையிலும் பாடலைப் படித்துப் பார்த்தேன். மரத்திலிருந்து பூக்கள் அவர்கள் மேல் உதிர்ந்துகொண்டே இருக்க, பொழுது விடிந்து அவன் விழித்துக்கொள்ளும் செய்யுளை இறுதியில் வைத்தால் அனைத்தும் கனவாகிவிடுகிறது. ஆடும் பெண்களிடம் தொப்பியைச் சற்று உயர்த்துமாறு கெஞ்சி, கண்ணி சூடிய அந்த முகத்தைத் தேடும் செய்யுளை இறுதியில் வைத்தால் அவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். இரண்டாவதே எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்குச் சான்று எதுவும் என்னிடம் இல்லை.